பழுதுபட்ட கப்பலும் பழுதுபடாத தலைமையும்

பகவத் கீதை உபதேசிக்கப்பட்ட இடம் போர்க்களம். ஆயினும் "நம்மவர்களுக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பெயர் போதும்: வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919ல் நாகர்கோவிலில் பிறந்த இவர், 1971 போரின்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைப் பிராந்தியத்தின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

நான் வசிக்கும் ஜாதவ்பூரில் அந்தப் போரை யாரும் மறக்கவில்லை. இங்குள்ள பிஜய்கர், தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் பழைய ராணுவ முகாமில் அமைத்த குடியிருப்பாகும். 1971ல் மீண்டும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தனர். கொல்கத்தாவில் ஒவ்வொரு டிசம்பர் 16 அன்றும் வெற்றி தினம் கொண்டாடும்போது ஜெனரல் அரோரா, ஜெனரல் ஜேக்கப் ஆகியோரின் பெயர்கள் தவறாமல் நினைவுகூரப்படும். கடலில் நடந்ததை அறிந்தவர்கள் குறைவு.

கிருஷ்ணனின் பெரிய பலம் விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'. ஆனால் அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. விமானம் மேலெழும்பக் கப்பலின் வேகமும் எதிர்க்காற்றின் வேகமும் சேர்ந்து உதவ வேண்டும். கப்பலின் வேகம் குறைந்தால் அந்த உதவியும் குறையும். இத்தகைய கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்று பலர் தயங்கினர். கிருஷ்ணனோ, இருக்கும் கொதிகலன்களைக் கொண்டே வங்கக் கடலில் அதைப் பயன்படுத்த முடியும் என்று துணிந்தார். எதிரிக்குக் கிழக்கில் டாக்காவில் ஒரே ஒரு போர் விமானப் படைப்பிரிவுதான் இருந்தது என்பதையும் அவர் அறிவார். குறையை மறைக்காமல், அந்தக் குறை அதிகம் பாதிக்காத இடத்தைத் தேர்ந்தெடுத்ததே முதல் பாடம்.

இரண்டாவது, எதிரியின் மனத்தை அறிதல். விக்ராந்தைத் தேடி 'காஜி' என்ற நீர்மூழ்கிக் கப்பல் நவம்பர் மாதம் கராச்சியிலிருந்து புறப்பட்டது. அவ்வளவு தூரம் வரக்கூடிய பாகிஸ்தானிய நீர்மூழ்கி அது ஒன்றுதான். கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ரகசியமாக அனுப்பிவிட்டு, 'ராஜ்புத்' என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அருகே நிறுத்தி, விக்ராந்த் அங்கிருப்பது போல் ஏராளமான ரேடியோ செய்திகளை அனுப்பச் செய்தார். அந்தப் பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு உணவுப் பொருட்களும் உள்ளூரில் கேட்கப்பட்டன. காஜி விசாகப்பட்டினத்துக்கே வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் மூழ்கியது என்பது நம் கூற்று. உள்வெடிப்பாலோ, தானே வைத்த கண்ணிவெடியாலோ மூழ்கியது என்பது பாகிஸ்தான் கூற்று. அதில் மாண்ட தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் கடமையைச் செய்தவர்களே.

மூன்றாவது, பிறரை நம்புதல். ராஜ்புத்தை நடத்திய அதிகாரி இந்தர் சிங்கிடம் வேலையின் நோக்கத்தையும் அதிலிருந்த அபாயத்தையும் எடுத்துச் சொன்ன பின்னரே கிருஷ்ணன் அவரை அனுப்பினார். ஏன் செய்கிறோம் என்று தெரிந்த மனிதன், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சமயோசிதமாக நடந்துகொள்வான்.

டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கடல் வழியே தப்பும் பாதை அடைபட்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் ஜெனரல் நியாஜி சரணடைந்து கையெழுத்திட்ட புகழ்பெற்ற புகைப்படத்தில், பின்னால் வெள்ளைச் சீருடையில் நிற்பவர் நம் கிருஷ்ணன்.

நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு எஞ்சினியரிங், வங்கி, அமெரிக்கா என்று வழி சொல்கிறோம். தவறில்லை. ஆனால் முப்படைகளில் சேர விரும்பும் பிள்ளையை "நமக்கெதற்கு?" என்று தடுக்க வேண்டாம். வேறு துறைக்குச் செல்பவர்களுக்கும் இந்த வரலாறு பயன்படும். அலுவலகமானாலும் சங்கக் கிளையானாலும் எல்லா வசதியும் சேரட்டும் என்று காத்திருப்பவரால் எந்தக் காரியமும் ஆகாது. இருப்பதைக் கணக்கிட்டு, முடிவெடுத்து, அதன் பொறுப்பைத் தானே சுமப்பவரே தலைவர்.