மேலவை: கலைத்தபோதும் மக்களைக் கேட்கவில்லை, மீட்கும்போதும் கேட்கவில்லை

எண்ணூரில் புதிய அனல்மின் நிலையம் போன்ற பெருந்திட்டம் வரவேண்டுமெனில், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுவாக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் தேவை. இக்கூட்டங்களின் குறைகள் பல. ஆயினும் கேட்கப்படும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதே மக்களுக்காகச் சட்டம் இயற்றும் மேலவையை உருவாக்கவோ ஒழிக்கவோ அந்த அளவுக்குக்கூட மக்களைக் கேட்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

அரசமைப்புச் சட்டத்தின் 169ஆம் பிரிவின்படி, மாநிலச் சட்டப்பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்றினால், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தின் வாயிலாகவே மேலவையை அமைக்கலாம் அல்லது ஒழிக்கலாம். பொதுவாக்கெடுப்புக்கு இதில் இடமில்லை.

தமிழ்நாட்டில் நடந்தது

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 மே மாதம் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமற்போனது. பின்னர் 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் தி.மு.க. ஆட்சிகள் மீட்புத் தீர்மானம் கொண்டுவந்தன. 1991, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் அ.தி.மு.க. ஆட்சிகள் அவற்றைத் திரும்பப் பெற்றன. 2010இல் 78 இடங்கள் கொண்ட மேலவைக்கு நாடாளுமன்றம் சட்டமே இயற்றியும் அவை கூடவில்லை. ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது பேரவையின் எண்ணிக்கைக் கணக்கே.

யாருக்கான அவை?

332ஆம் பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சட்டப்பேரவையில் தனித்தொகுதிகளை உறுதிசெய்கிறது. மேலவைக்கு அது பொருந்தாது. 171ஆம் பிரிவின்படி மேலவையில் மூன்றிலொரு பங்கினரைச் சட்டமன்ற உறுப்பினர்களும், மூன்றிலொரு பங்கினரை உள்ளாட்சி உறுப்பினர்களும், பன்னிரண்டிலொரு பங்கினரைப் பட்டதாரிகளும், அதே அளவினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பர்; ஆறிலொரு பங்கினரை ஆளுநர் நியமிப்பார்.

இதன் பொருளை எண்ணூரில் வைத்துப் பார்ப்போம். பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைந்தவர் பட்டதாரித் தொகுதியில் வாக்களிக்கலாம். படிப்பு மறுக்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி வாக்களிக்க இயலாது. எண்ணூர் அடங்கிய சென்னை மாநகராட்சியில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவ்வாறு வென்ற தலித் மாமன்ற உறுப்பினர் மேலவைத் தேர்தலில் வாக்களிக்கலாமே தவிர, தம் மக்களுக்கென ஓரிடம்கூட அங்கே உறுதியில்லை. 2016 முதல் 2022 வரை இருந்ததுபோல் மாமன்றமே இல்லாத காலத்தில் அந்த வாக்கும் இல்லை.

பிற நாடுகளில்

அயர்லாந்து தன் மேலவையை ஒழிக்கலாமா என 2013 அக்டோபரில் மக்களையே கேட்டது; சுமார் 51.7 விழுக்காட்டினர் வேண்டாம் என்றதால் அவை நிலைத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் 1917இல் மக்கள் ஒழிப்பை நிராகரித்தும் 1922இல் மேலவை ஒழிக்கப்பட்டது. கேட்பது மட்டும் போதாது, கேட்டதற்குக் கட்டுப்படவும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

நாம் கோர வேண்டியது

மேலவை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் மீண்டும் எழும்போது இரு கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். ஒன்று, பேரவைத் தீர்மானத்திற்கு முன்பே மாவட்டந்தோறும், சேரிகளிலும் குப்பங்களிலும் கருத்துக்கேட்பு நடத்தி அதன் பதிவுகளைப் பேரவையில் வைத்தல். மற்றொன்று, 171ஆம் பிரிவைத் திருத்தி மேலவையிலும் இட ஒதுக்கீட்டை உறுதிசெய்தல். இவையின்றி மீண்டும் வரும் அவை, முன்பு நம்மைக் கேளாமல் போன அதே அவையாகவே இருக்கும்.