கண்டி மாநகரின் அரண்

கோட்டை என்றதும் கல் மதிலும் கொத்தளமுமே எம் கண்முன் தோன்றும். கண்டி மாநகரைச் சுற்றி அத்தகைய பெருமதில் எதனையும் இன்று காணோம். எனினும், 1594 முதல் 1815 வரை ஐரோப்பியப் படைகளைத் திகைக்க வைத்த அரண்மிகு நகர் இதுவே.

அரணுக்கு உறுப்பாக நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் வள்ளுவப் பெருந்தகை கூறினார். செங்கடகலை எனப் பழம்பெயர் பூண்ட இந்நகருக்கு மூன்று புறமும் மகாவலி கங்கையே அகழி, மலைத்தொடரே மதில், அடர்காடே காவற்படை. ஒற்றையடிப் பாதைகளை அகலமாக்க அரசர் இடங்கொடார். அப்பாதைகளில் முட்கதவுகள் அமைத்துக் காவலிட்டிருந்தமையை, 1660இல் சிறைப்பட்டு 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் எழுதியுள்ளார்.

மேற்கு வாயிலைக் காத்தது கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள பலனைக் கோட்டை. 1603இல் போர்த்துக்கேயத் தளபதி அசவேது அதனைக் கைப்பற்றினான். ஆயின், உடன்வந்த உள்நாட்டுப் படையினர் மாறிவிடவே, பின்வாங்கி ஓடினான். 1638 மார்ச் 28ஆம் நாள் கன்னொறுவையிலே இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான். அதன் தளபதியும் களத்தில் மாண்டான். 1803இல் நகரினுட் புகுந்த ஆங்கிலேயராலும் அங்கே நிலைகொள்ள இயலவில்லை.

அத்தகைய நகர் 1815இல் பெரும்போர் எதுவுமின்றி வீழ்ந்தது ஏன்? மலையும் ஆறும் அன்றும் இருந்தன. அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே ஒற்றுமைதான் இல்லை. அரசன் கொடுந்தண்டனைகள் விதித்தான். எகலப்பொலை ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். மொல்லிகொடையும் அவர்கள் பக்கம் சாய்ந்தான். பெப்ரவரி 18ஆம் நாள் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1739இல் தொடங்கிய நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. வேலூர்க் கோட்டையில் சிறையிருந்த அம்மன்னன் 1832இல் உயிர்நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி உள்ளது.

பலனைக் குன்றிலே இன்று எஞ்சியிருப்பன இடிந்த கற்சுவர்களும் அத்திவாரங்களுமே. எம் இளைஞர் ஒருமுறையேனும் அங்கு ஏறி நின்று, கீழே விரியும் பள்ளத்தாக்கை நோக்குதல் வேண்டும். எத்துணைச் சிறந்த அரணாயினும், உள்ளிருப்போர் செயலாற்றல் இலராயின் அது அரணாகாது என்பதும் வள்ளுவர் வாக்கே. நாட்டுக்கு மட்டுமன்று, சங்கத்துக்கும் குடும்பத்துக்கும் அது பொருந்தும். பகைவர் உடைக்க முடியாத மதிலை உட்பகை ஒரே மாதத்தில் உடைத்த கதையை அக்கற்கள் எமக்குச் சொல்லும்.