பல்லாவரத்து விமானமும் பருத்தித் துணியும்

ஆகாய விமானத்தின் வரலாற்றைப் படிக்கும்போது அமெரிக்காவையும் பிரான்சையும் நினைக்கிறோம். பல்லாவரத்தை நினைப்பவர் சிலரே. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டாஞ்சலிஸ் என்னும் கார்சிகா தீவினர், 1909 ஜூலை 25-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் உள்ளம் கிளர்ந்து, தாமும் ஒரு விமானம் செய்யத் துணிந்தார். வண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்ஸன் கம்பெனியார் அதனைக் கட்டித் தந்தனர். பல்லாவரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தபின், 1910 மார்ச்சு மாதத்தில் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் கூடிக் காணப் பறந்தார்.

அக்காலத்து விமானம் என்பது மரச்சட்டமும் துணியுமே. எஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுவர். துணியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் காற்றில் ஏறும் மனிதனைத் தாங்கி நிற்பது துணிதான். அதனாலேயே இன்று நான் அதைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். 1903-இல் ரைட் சகோதரர்கள் தம் விமானத்திற்குப் போர்த்தியது, பெண்கள் உடை தைக்க வாங்கும் சாதாரணப் பருத்தி மஸ்லின். அதன்மேல் எந்தப் பூச்சும் இல்லை. இழைகள் சட்டத்திற்குக் குறுக்குச் சாய்வாக ஓடும்படி வெட்டி, தையல் இயந்திரத்தில் தாங்களே தைத்தார்கள். சாய்வாக வைத்ததனால் துணியே சட்டத்தை இழுத்துக் கட்டும் தளைபோல் உதவிற்று. மிக நேர்த்தியான யோசனை!

பூச்சில்லாத துணி நனைந்தால் தொய்யும். ஆகவே, செல்லுலோசைக் கரைத்துச் செய்த 'டோப்' என்னும் மெருகு வந்தது. அது உலரும்போது சுருங்கி, துணியை மத்தளத் தோல்போல் இறுக்கிவிடும். முதலில் வந்த நைட்ரேட் வகை எளிதில் தீப்பற்றும். அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் வகையைக் கரைக்க முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பயன்படுத்திய ஒரு திரவம், தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் சிலரின் ஈரலைக் கெடுத்து உயிரையே குடித்தது. விமானியைக் காத்த துணிக்குப் பின்னே இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

அப்போரின்போது அயர்லாந்தின் ஆளிநார்த் துணிக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, அமெரிக்கர் உறுதியான பருத்தித் துணிக்கு மாறினர். 'ஏ' தரம் எனப்பட்ட அத்துணி புதிதாயிருக்கும்போது அங்குல அகலத்திற்கு 80 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும்; 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்பது விதி.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் மர விமானம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதற்பகை கடற்காற்றின் ஈரம். டோப்பிலுள்ள திரவம் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளை பூக்கிறது. அப்படிப் பூத்த பூச்சு வலுவற்றது, இறுக்கமும் தராது. ஐப்பசி கார்த்திகையில் இவ்வேலையைத் தொடங்குபவரைக் கண்டு நான் அனுதாபப்படுவேன். கோடையில் நிலக்காற்று வீசும் முற்பகலே ஏற்ற நேரம். கடற்காற்று புகுந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். வெயிலோ மற்றொரு பகை. அதன் கதிர்கள் இழையை அரித்துவிடுமாதலால், பூச்சின் நடு அடுக்குகளில் அலுமினியத் தூளைக் கலந்து வெள்ளிநிறத் திரையிடுகிறார்கள்.

மரப்பலகையையே தோலாகப் போர்த்தினால் துணி வேண்டாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற 'மாஸ்கிட்டோ' விமானம் ஒட்டுப்பலகையால் ஆனது. அதன்மேலும் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டி டோப் பூசினார்கள். அத்துணியின் பெயர் 'மாடபொல்லம்'. கோதாவரிக் கரையில் நரசாபுரத்தை அடுத்த ஊரின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிப் பண்டகசாலை அங்கு இருந்தது. ஊர் நம்முடையது, நெய்தது ஆங்கில ஆலை! இந்தியாவிற்கு வந்த அவ்விமானங்கள் சிலவற்றில் இறக்கைப் பலகைகள் விட்டுப்போய் விபத்துகள் நேர, 1944 நவம்பரில் அவை பறப்பது நிறுத்தப்பட்டது. உட்புகுந்த ஈரத்தையும் ஒட்டு மூட்டுகளின் குறையையும் காரணமாகக் கூறினர். ஆகவே பலகையின்மேல் துணி வெறும் அலங்காரம் அன்று. ஈரத்தை வெளியே நிறுத்தும் வேலியாகும்.

இன்று பருத்திக்குப் போட்டியாகப் பாலியெஸ்டர் துணி நிற்கிறது. அதைச் சட்டத்தின்மேல் பசையிட்டு ஒட்டி, இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் சுருக்கி இறுக்குகிறார்கள். கடைசிச் சூடு 350 டிகிரி பாரன்ஹீட். அதற்கு மேல் போனால் துணி தன் இறுக்கத்தை இழக்கும். மெலிந்த மரச்சட்டத்தின்மேல் தவறாகப் போர்த்தினால், அச்சட்டத்தையே வளைத்துவிடும் வலிமை அதற்கு உண்டு. பூஞ்சணம் அதைத் தின்னாது. ஆனால் வெயிலுக்கு அஞ்ச வேண்டியதுதான், அலுமினியத் திரை இதற்கும் தேவை. பருத்தியின்மேல் எனக்குள்ள பற்று பெரிது. எனினும் தாம்பரத்து ஈரத்தில் விமானம் நிறுத்துபவருக்குப் பாலியெஸ்டரையே நான் சொல்வேன்.

எந்தத் துணியாயினும், பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து துணியை மேலே இழுக்கும். ஆகவே பசையை மட்டும் நம்பாமல், விலாக்கட்டைகளைச் சுற்றி மெழுகு நூலால் கட்ட வேண்டும். பின்விளிம்பின் அடியில், மழைநீர் வடிய ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு துளை விடவும் மறக்கலாகாது.