ஒரே எஜமான்: சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் வாழ்வும் விசுவாசமும்

வட அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வரலாற்றில் சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் பெயர் நன்கு அறியப்பட்டதாகும். பெண்ணுரிமை வரலாற்று நூல்களும் அவரைத் தவறாது குறிப்பிடுகின்றன. ஆயினும் அவருடைய பேச்சுக்கும் செயலுக்கும் ஊற்றாயிருந்த விசுவாசத்தை நாம் அவ்வளவாக ஆராய்ந்ததில்லை. அவர் எழுதப் படிக்க அறியாதவர். இறையியல் நூல் எதையும் கற்றவரல்லர். எனினும், "மனிதனுக்கு எஜமான் யார்?" என்னும் கேள்வியை, விலைக்கு விற்கப்பட்ட உடலோடு அவர் எதிர்கொண்டார். அக்கேள்வியின் வழியாகவே அவருடைய வாழ்வை இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம்.

1. பிறப்பும் அடிமை வாழ்வும்

நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில் ஏறத்தாழ 1797-இல் அவர் பிறந்தார். அன்று அவருக்கு வழங்கிய பெயர் இசபெல்லா. அடிமைத்தனம் தென் மாநிலங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. வட மாநிலமாகிய நியூயார்க்கிலும் அது 1827 வரை சட்டத்தின் பாதுகாப்போடு நிலவியது. அப்பகுதி டச்சுக் குடியேற்றக்காரர் வாழ்ந்த பகுதியாதலால், இசபெல்லாவின் தாய்மொழியும் டச்சாகவே இருந்தது.

அவருடைய பெற்றோராகிய ஜேம்ஸும் எலிசபெத்தும் தம் பிள்ளைகளில் பெரும்பாலோரை விற்பனைக்குப் பறிகொடுத்தவர்கள். எஜமானின் வீட்டு நிலவறையில், ஈரத் தரைமேல் பரப்பிய பலகைகளின்மீது அடிமைகள் யாவரும் உறங்கினர். மாலை வேளைகளில் தாய் தம் பிள்ளைகளைத் திறந்த வானத்தின்கீழ் அமர்த்தி, யாவற்றையும் காண்கிறவரும் கேட்கிறவருமாகிய கடவுள் ஒருவர் உண்டு என்று போதித்தார். கர்த்தருடைய ஜெபத்தை டச்சு மொழியில் கற்பித்தார். இசபெல்லா பெற்ற இறையியல் கல்வி அவ்வளவே. அது அவருக்கு வாழ்நாள் முழுவதும் போதுமானதாயிற்று.

ஏறத்தாழ ஒன்பது வயதில் அவர் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டார். வாங்கிய ஜான் நீலி என்பவரின் குடும்பத்தார் ஆங்கிலம் பேசினர். அவர்கள் இட்ட கட்டளை விளங்காததற்காகச் சிறுமி அடிக்கப்பட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்ற கசையடியின் தழும்புகளை அவர் இறுதிவரை சுமந்தார். பின்னர் வேறொருவரிடம் சில காலம் இருந்து, 1810-இல் ஜான் டுமாண்ட் என்பவருக்கு விற்கப்பட்டார். அங்கேயே தாமஸ் என்னும் அடிமைக்கு மனைவியாகி, ஐந்து பிள்ளைகளைப் பெற்றார்.

அக்காலத்தைப் பற்றி அவர் பின்னாளில் கூறிய செய்தி ஒன்று நம் கவனத்திற்குரியது. டுமாண்டை அவர் கிட்டத்தட்டக் கடவுளாகவே எண்ணியிருந்தாராம். தம் சிறு குற்றங்களைக்கூட எஜமான் அறிவார் என்று அஞ்சினாராம். அடிமைத்தனம் உடலை மட்டும் கட்டுவதில்லை என்பதற்கும், கடவுளுக்குரிய இடத்தில் ஒரு மனிதனை அமர்த்திவிடுகிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. வெளியேறுதலும் பெந்தெகொஸ்தே அநுபவமும்

1817-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1799-க்கு முன் பிறந்த அடிமைகள் 1827 ஜூலை 4-ஆம் நாள் விடுதலை பெறவேண்டும். நன்கு உழைத்தால் ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக டுமாண்ட் வாக்களித்தார். இசபெல்லாவின் கையில் ஏற்பட்ட காயத்தால் வேலை குறைந்தது என்று காரணங்காட்டி அவ்வாக்கை மீறினார். இசபெல்லா தம் கடமை நிறைவேறியதாகத் தாமே முடிவு செய்யும்வரை, ஏறத்தாழ நூறு இராத்தல் கம்பளி நூற்று முடித்தார். பின்பு எப்போது புறப்படுவதென்று கடவுளிடம் கேட்டார். இரவில் செல்ல அச்சம். பகலில் சென்றால் யாவரும் காண்பர். விடியலுக்குச் சற்று முன் செல்லலாம் என்ற எண்ணம் தோன்றியபோது, அதைக் கடவுள் அருளிய விடையாகவே ஏற்றார்.

1826-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கைக்குழந்தை சோஃபியாவை ஏந்திக்கொண்டு அவர் வெளியேறினார். மற்றப் பிள்ளைகளை உடன்கொண்டு செல்ல இயலவில்லை. சட்டப்படி அவர்கள் இளமைப் பருவம் கழியும்வரை எஜமானுக்கு ஊழியம் செய்யக் கட்டுண்டவர்கள். அவருடைய விடுதலையில் இந்தத் துயரமும் கலந்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஐசக் வான் வாகனன் தம்பதியர் அவருக்கு அடைக்கலம் தந்தனர். தேடிவந்த டுமாண்டுக்கு இசபெல்லாவின் எஞ்சிய ஊழியத்திற்காக 20 டாலரும் குழந்தைக்காக 5 டாலரும் கொடுத்தனுப்பினர். தம்மை எஜமான் என்று அழைக்கலாகாது என்றும், இருவருக்கும் எஜமான் ஒருவரே என்றும் ஐசக் அவருக்கு அறிவுறுத்தினார். இசபெல்லா அதைக் கேட்டுத் திகைத்தார்.

ஆயினும் பழைய கட்டு எளிதில் அறுபடவில்லை. 1827-இல் பெந்தெகொஸ்தே பண்டிகை நெருங்கியது. டச்சுப் பகுதியின் அடிமைகளுக்கு அது ஆடல் பாடலோடு கூடிய ஓய்வுக்காலம். அக்களிப்பை நினைந்து டுமாண்டின் வீட்டிற்கே திரும்பிவிட இசபெல்லா எண்ணினார். வண்டியில் ஏற முற்பட்ட வேளையில், கடவுள் எங்கும் நிறைந்தவர் என்னும் உணர்வு மின்னலைப்போல் அவரைத் தாக்கியது. தாம் அவரை மறந்திருந்ததை எண்ணி நடுங்கினார். தமக்கும் அவருக்கும் நடுவே நிற்க ஒருவர் வேண்டும் என்று உள்ளம் கதறியது. அவ்வாறு நிற்கும் நண்பரை அவர் கண்டுகொண்டார். அவர் இயேசு என்று அறிந்தார். அதுவரை இயேசு என்னும் பெயரை வாஷிங்டன், லஃபயெட் போன்ற ஒரு பெரிய மனிதரின் பெயராகவே அவர் கேட்டிருந்தார். மத்தியஸ்தர் என்னும் கோட்பாட்டைப் பயிலாத ஒருவர், அதன் தேவையையும் நிறைவையும் தம் அநுபவத்திலேயே கண்டடைந்ததை இங்கே காண்கிறோம். டுமாண்டின் வீட்டிற்கு அவர் திரும்பவில்லை.

3. நியாயஸ்தலத்தில் ஒரு தாய்

இந்த அநுபவம் அவரை உலகத்தினின்று ஒதுக்கிவைக்கவில்லை. அவருடைய மகன் பீட்டர், ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவன், கைமாறி விற்கப்பட்டு அலபாமாவுக்குக் கொண்டுபோகப்பட்டான். மாநிலத்திற்கு வெளியே இவ்வாறு விற்பது நியூயார்க் சட்டப்படி குற்றமாகும். இசபெல்லா முன்னாள் எஜமானி வீட்டில் முறையிட்டார்; எள்ளி நகையாடப்பட்டார். பின்னர் குவேக்கர்களின் துணையோடு கிங்ஸ்டன் நகர நியாயஸ்தலத்தை நாடினார். 1828-இல் சிறுவன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டான். அவன் உடலெங்கும் அடியின் வடுக்கள் இருந்தன. அச்சத்தால் தாயை அறியேன் என்று அவன் முதலில் மறுத்தான். இவ்வழக்கின் மூல ஆவணங்கள் 2022-இல் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் அடையாளங் காணப்பட்டன.

அநீதியுள்ள நியாயாதிபதியை ஓயாது நாடிய விதவையின் உவமையை (லூக்கா 18:1–8) நாம் ஜெபத்திற்கு உதாரணமாக மட்டுமே பிரசங்கிப்பது வழக்கம். இசபெல்லாவோ ஜெபித்தார், வழக்கும் தொடுத்தார். இரண்டும் அவருக்கு ஒரே விசுவாசத்தின் செயல்களாயிருந்தன.

இதன் தொடர்ச்சியாக நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். மகனின் வடுக்களைக் கண்ட தாய், இதைச் செய்தவர்களுக்கு இரட்டிப்பாகச் சரிக்கட்டும்படி கடவுளிடம் வேண்டினார். பீட்டரை அடித்த ஃபௌலர் என்பவன் பின்னர்த் தன் சொந்த மனைவியையே கொன்றான். அவள் பீட்டரை விற்ற குடும்பத்தின் மகள். அச்செய்தியைக் கேட்டபோது இசபெல்லா மகிழவில்லை; இவ்வளவை நான் கேட்கவில்லையே என்று கடவுள்முன் கலங்கினார். பழிவாங்கும் சங்கீதங்களைப் பொருள்கொள்ள முயல்வோர் இந்தத் தாயின் கலக்கத்தையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

4. பொய்யான எஜமானும் புதிய பெயரும்

பின்னர் அவர் நியூயார்க் நகரில் வீட்டுவேலை செய்து வாழ்ந்தார். மெதடிஸ்ட் சபையிலும், கறுப்பினத்தாரின் சீயோன் சபையிலும் வழிபட்டார். 1832-இல் மத்தியாஸ் என்று தன்னை அழைத்துக்கொண்ட ராபர்ட் மாத்யூஸ் என்னும் போலித் தீர்க்கதரிசியின் குழுவில் சேர்ந்தார். தம் சேமிப்பையும் உழைப்பையும் அவனுக்கே அளித்தார். இப்பகுதியை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. ஓர் எஜமானிடமிருந்து தப்பியவரும், பக்தியின் பெயரால் வரும் இன்னோர் எஜமானுக்கு அடிமையாகக்கூடும். அக்குழு 1834-இல் ஒரு மரணத்தைத் தொடர்ந்து சிதைந்தது. தம்மீது நஞ்சிட்ட பழியைச் சுமத்திய வெள்ளையர்மீது அவர் வழக்குத் தொடுத்து, 125 டாலர் ஈடு பெற்றார்.

1843 ஜூன் 1-ஆம் நாள் அவர் நகரை விட்டு ஊழியத்திற்குப் புறப்பட்டார். எஜமானர் வழிவந்த பெயரை விடுத்து, சோஜர்னர் ட்ரூத் என்னும் பெயரைத் தரித்தார். முதற்சொல் பரதேசி, வழிப்போக்கர் என்று பொருள்படும், இரண்டாவது சத்தியம். சங்கீதம் 39:12-உம் எபிரெயர் 11:13-உம் நம் நினைவுக்கு வருகின்றன. இனி அவருடைய பெயரில் எந்த மனிதனுடைய உடைமைக் குறியும் இல்லை.

வேதத்தை அவர் பிறர் வாசிக்கக் கேட்டே அறிந்தார். பெரியோர் வாசிக்கும்போது தம் விளக்கத்தையும் சேர்த்துவிடுவர் என்பதால், சிறுவர்களை வாசிக்கச் சொல்லி, விரும்பிய பகுதியை மீண்டும் மீண்டும் கேட்பார்.

5. அக்ரன் உரையும் அதன் இரு வடிவங்களும்

1850-இல் அவருடைய வாழ்க்கை வரலாறு, ஆலிவ் கில்பர்ட் என்பாரின் எழுத்தில் நூலாயிற்று. 1851 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். மாநாட்டுச் செயலாளராகிய மேரியஸ் ராபின்சன் அவ்வுரையை அடுத்த மாதமே தம் பத்திரிகையில் வெளியிட்டார். ஆணைப்போலவே தாமும் உழுததையும் அறுத்ததையும் அம்மையார் அதில் கூறுகிறார். ஏவாள் உலகைக் கவிழ்த்தாளெனில், அதை நிமிர்த்தப் பெண்களுக்கு வாய்ப்பளியுங்கள் என்கிறார். லாசருவுக்காக அழுது வந்த மரியாளையும் மார்த்தாளையும் இயேசு தள்ளிவிடவில்லை என்று நினைவூட்டுகிறார். இயேசு கடவுளாலும் ஒரு பெண்ணாலும் வந்தார், அதில் ஆணின் பங்கு யாது என்று வினவுகிறார்.

இன்று பலரும் அறிந்திருப்பது இந்த வடிவமன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863-இல் ஃபிரான்சிஸ் கேஜ் என்னும் அம்மையார் எழுதி வெளியிட்ட வடிவமே புகழ்பெற்றது. நான் ஒரு பெண்ணல்லவா என்னும் பொருள்படும் வினா அதில் பலமுறை வருகிறது. ராபின்சனின் பதிவில் அவ்வினா இல்லை. டச்சு மொழியில் வளர்ந்து, தென் மாநிலத்தில் அடிமையாய் இருந்திராத ஒருவரின் வாயில், தென் மாநில அடிமைகளின் பேச்சுவழக்கைக் கேஜ் அமைத்தார். ஐந்து பிள்ளைகளைப் பதின்மூன்றாக்கினார்.

கேஜ் அம்மையார் தீய நோக்கம் கொண்டவரல்லர். அடிமை ஒழிப்புக்கு உழைத்தவர். ஆயினும் ஒருவருக்காகப் பேசுவோர், அவருடைய குரலைத் தம் உடைமையாக்கிக்கொள்ளும் ஆபத்து இங்கே தெளிவாகிறது. திருமறையின் மூலபாடங்களை ஒப்புநோக்கக் கற்ற நாம், எளியோரின் சொற்களுக்கும் அதே கவனத்தைச் செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

6. பிற்காலப் பணி

உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவர் கறுப்பினப் போர்வீரருக்குப் பொருள் திரட்டினார். 1864 அக்டோபர் 29-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிங்கனைச் சந்தித்தார். தலைநகரில் விடுதலை பெற்றோரிடையே பணியாற்றியபோது, கறுப்பினத்தாரை ஏற்ற மறுத்த டிராம் வண்டிகளில் துணிந்து ஏறினார். 1865-இல் ஒரு நடத்துநர் அவரைத் தள்ளி, தோளில் காயப்படுத்தினார். அம்மையார் அவரைக் கைது செய்வித்தார். அவர் வேலையையும் இழந்தார். விடுதலை பெற்றோருக்கு மேற்குப் பகுதியில் நிலம் வழங்கும்படி 1870 முதல் ஊர் ஊராகச் சென்று மனுவில் கையொப்பம் திரட்டினார். அரசு செவிகொடுக்கவில்லை. நிலமற்ற விடுதலை நிலையற்றது என்பதை அவர் அறிந்திருந்தார். பின்வந்த வரலாறும் அதையே மெய்ப்பித்தது.

தம் புகைப்படத்தை அச்சிட்டு விற்று அவர் வாழ்ந்தார். அதன் உரிமையையும் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். பிறர் விற்ற உடலின் நிழலை இப்போது தாமே விற்றார். 1883 நவம்பர் 26-ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் அவர் இளைப்பாறினார்.

7. நமக்கு விட்டுச் சென்றவை

2009-இல் அவருடைய மார்பளவுச் சிலை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவப்பட்டது. இச்சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. சிலைகள் நன்று. எனினும் அவர் விட்டுச்சென்ற செல்வம் வேறு. கடவுள் ஒருவரே எஜமான் என்னும் அறிக்கையை நாம் ஆராதனையில் சொல்லிவிட்டு அமைகிறோம். அவரோ அதை நியாயஸ்தலத்திலும், டிராம் வண்டியிலும், மேடையிலும் சொன்னார். அவ்வறிக்கை உண்மையெனில், ஒருவர் உழைப்பை, உடலை, குரலை உடைமையாக்கும் எந்த அமைப்பும் கடவுளின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. திருச்சபையும், அதன் நற்பணிகளும்கூட, இச்சோதனைக்கு விலக்கானவையல்ல. எளியோருக்காகப் பேசும் நாம் அவர்கள் பேசுவதைக் கேட்கிறோமா என்று நம்மையே வினவிக்கொள்வது, அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய தகுந்த நன்றியாகும்.