பேஜர் (நிலநடுக்கப் பாதிப்பு மதிப்பீடு)

பேஜர் என்பது நிலநடுக்கத்தின் அதிர்வால் நேர்ந்திருக்கக்கூடிய உயிரிழப்பையும் பொருளிழப்பையும் கணித்து அறிவிக்கும் தானியங்கி முறை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2007-இல் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. உலகில் எங்கு 5.5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தாலும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இதன் முதல் அறிக்கை வெளியாகிறது.

தேவை

நிலநடுக்கத்தின் அளவு மட்டும் அழிவைச் சொல்லிவிடாது. கலிபோர்னியாவின் லோமா பிரியெட்டாவில் 1989-இல் ஏற்பட்ட 6.9 அளவு நிலநடுக்கத்தில் இறந்தோர் 63 பேர். மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன் நிகழ்ந்தது 6.2 அளவுதான், ஆனால் மாண்டவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மண்சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவர்களும் கனத்த மண்கூரைகளும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன.

கணிக்கும் முறை

நிலநடுக்கத்தின் இடம், ஆழம், அளவு ஆகியவற்றோடு கருவிப் பதிவுகளும் மக்கள் உணர்ந்து தெரிவித்த தகவல்களும் சேர்ந்து அதிர்வு வரைபடம் உருவாகிறது. ஒவ்வோர் இடத்திலும் அதிர்வு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை அது மெர்க்காலி அளவுகோலில் காட்டும். அதன்மேல் மக்கள்தொகைப் பரவலைப் பொருத்தி, எத்தனை பேர் எந்தக் கடுமைக்கு ஆளாயினர் என்று கணக்கிடுகிறார்கள். அந்தந்த நாட்டின் கட்டடங்கள் எவ்வளவு தாங்கும் என்பதை முந்தைய நிலநடுக்க இழப்புகளிலிருந்து அறிந்து, இழப்பை மதிப்பிடுகிறார்கள்.

எச்சரிக்கை நிறங்கள்

2010 முதல் இழப்பு மதிப்பீட்டின் அடிப்படையில் நிறங்கள் தரப்படுகின்றன. 1 முதல் 99 வரை உயிரிழப்பு எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள், 100 முதல் 999 வரை ஆரஞ்சு, 1,000 அல்லது அதற்கு மேல் சிவப்பு. இழப்பு எதிர்பார்க்கப்படாவிட்டால் பச்சை. பொருளிழப்புக்கு இந்த எல்லைகள் 10 லட்சம், 10 கோடி, 100 கோடி டாலர்கள். இரண்டு மதிப்பீடுகளில் கூடுதலான நிறமே எச்சரிக்கையாக வெளியாகும்.

வரம்புகள்

அறிக்கை தருவது நிகழ்தகவுகளையே; உறுதியான எண்ணிக்கையை அல்ல. பிளவு எதுவரை நீண்டது என்பது தெளிவாகத் தெரியும்போது மதிப்பீடு மாறலாம். ஆழிப்பேரலையின் இழப்பு இக்கணக்கில் சேராது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது கடல்தான், அதிர்வு அல்ல; அத்தகைய பேரழிவுக்குத் தனி எச்சரிக்கை முறை வேண்டும்.

முக்கியத்துவம்

பெரும் நிலநடுக்கத்தில் தொலைத்தொடர்பு அறுந்து, மிக மோசமாக அழிந்த ஊரிலிருந்தே செய்தி வராமல் போவதுண்டு. அந்த மணிநேரங்களில் மீட்புக்குழுவை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்ய பேஜர் உதவுகிறது. இடிபாட்டில் சிக்கியவர்களுக்கு ஒவ்வொரு மணியும் உயிர். ஆனால் இடியாத வீடுகளைக் கட்டுவதே இறப்பைத் தடுக்கும் வழி. எந்தக் கணிப்பும் அதற்கு ஈடாகாது.