காக்கியும் கால்பந்தும்: மயிலாப்பூர் முதல் நந்தனம் வரை ஒரு வரலாறு

சென்னைக் கடற்கரைச் சாலையின் மயிலாப்பூர் முனையில், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேரும் இடத்தருகே, உயர்ந்த வெண்தூண்களோடு நிற்கும் மாளிகை தமிழ்நாட்டுக் காவல்துறையின் தலைமையகமாகும். அங்கிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால், அடையாற்றின் வடகரையில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. வளாகத்தில் ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி இன்றும் இயங்கிவருகிறது. முன்னது சட்டம் ஒழுங்கைக் காக்கும் படையை நடத்த அமைந்தது. பின்னது பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்க அமைந்தது. இவ்விரண்டின் வரலாறுகளும் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்துள்ளன என்றாலும், கால்பந்து மைதானத்தில் அவை பலமுறை ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. அந்தத் தொடர்பில் மைதானம் காவல்துறைக்கு ஆட்களைக் கொடுத்தது அதிகம். காவல்துறை மைதானத்துக்குத் திருப்பிக் கொடுத்தது மிகக் குறைவு.

இதன் வேரைக் காண 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். கம்பெனி ஆட்சியில் வரி வசூலிக்கும் அதிகாரமும் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரமும் தாசில்தார் முதலிய வருவாய்த்துறை ஊழியர்களின் கையிலேயே ஒருங்கே இருந்தன. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் வெளியிட்ட அறிக்கை, விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’ என்ற மரக்கருவியையும், ஆளைக் குனியவைத்துக் கழுத்துக்கும் கால்விரல்களுக்கும் சேர்த்துக் கயிறு பூட்டும் தண்டனையையும் பதிவுசெய்து, இவை சாதாரண வசூல் நடைமுறையாகவே இருந்ததை வெளிக்கொணர்ந்தது. அதன் தாக்கத்தில் எழுந்ததே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். அது காவலை வருவாயிலிருந்து பிரித்து, ஒரு தலைவரின் கீழ் இயங்கும் சீருடைப் படையாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். ஃப்ரீமேசன் சங்கத்தாருக்காக 1839இல் கட்டப்பட்ட அந்தக் கடற்கரை மாளிகை இப்படைக்காக 1865இல் வாடகைக்கு எடுக்கப்பட்டு, 1874இல் 20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. கொடுமையை ஒழிக்கப் பிறந்த படை என்ற இந்தத் தோற்றக் கதையை மறந்துவிட்டுச் சென்னைக் காவல்துறைக்கும் பொதுமக்களுக்கும், குறிப்பாகக் குப்பங்களின் இளைஞர்களுக்கும், இடையே இருந்துவந்த விலகலைப் புரிந்துகொள்ள முடியாது. சட்டம் மாறிவிட்டாலும், அச்சம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே இருந்தது.

அதே காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்த உடற்பயிற்சியும் சீருடையின் சாயலிலேயே வந்தது. மாணவர்களை வரிசையாக நிறுத்திக் கட்டளைக்கு ஏற்பக் கைகால்களை அசைக்கச் செய்யும் ‘டிரில்’ என்னும் அணிப்பயிற்சியே அன்றைய உடற்கல்வி; அதைக் கற்பிக்க அமர்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்கள். டிரில் மாஸ்டர் என்று அழைக்கப்பட்ட இவர்களுக்குப் பிற ஆசிரியர்களுக்குரிய மதிப்போ சம்பளமோ கிடைக்கவில்லை. குழந்தையின் உடலையும் மனத்தையும் பற்றிய பயிற்சியும் இவர்களுக்கு அளிக்கப்படவில்லை. கட்டளையிடுவதும் தவறினால் தண்டிப்பதும் மட்டுமே அவர்கள் அறிந்த முறை. இதை அவர்களின் குறை என்று சொல்வது நியாயமாகாது. அவர்களை அமர்த்திய கல்வித்துறையின் எதிர்பார்ப்பே அவ்வளவுதான்.

இந்த நிலையை மாற்றியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி க்ரோ பக். 1920இல் சென்னையில் அவர் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியே பின்னர் நந்தனம் வளாகத்தில் கல்லூரியாக வேர்கொண்டது. அணிப்பயிற்சியை முற்றிலும் விலக்காமல், ஆனால் அதற்கு மேலாகக் குழு விளையாட்டுகளை வைத்து, விதிகளை ஏற்கவும் தோல்வியைத் தாங்கவும் சக ஆட்டக்காரரை நம்பவும் பிள்ளைகள் விளையாட்டின் வழியாகவே கற்க வேண்டும் என்பது அவரது கல்விமுறையின் அடிப்படை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு உடன்சென்ற அவர் 1943இல் மறையும் வரை இக்கல்லூரியை நடத்தினார். இங்குப் பயின்று மாகாணம் முழுவதும் பரவிய ஆசிரியர்கள்தாம் தமிழகப் பள்ளிகளில் ‘பி.டி. வாத்தியார்’ என்ற ஒரு தனி மரபை உண்டாக்கினார்கள். மாலை மணி அடித்ததும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பந்தோடு மைதானத்துக்கு வரும் அந்த ஆசிரியரே பல ஊர்களில் கால்பந்தின் முதல் பயிற்சியாளர்.

1920ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் முக்கியமானது. சென்னை மாகாணச் சிறுவர் சட்டம் அந்த ஆண்டில்தான் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. குற்றம் செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிப்பதையும் சிறையில் அடைப்பதையும் தவிர்த்து, அவனைச் சீர்திருத்தப்பட வேண்டியவனாகக் கருதும் பார்வையை அது சட்டமாக்கியது. சிறுவனைக் கையாளும் காவலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டம் அளித்த விடை அன்றிலிருந்து படிப்படியாக விரிந்து, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தையும் அதன் விதிகளையும் வந்தடைந்திருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், சிறுவர்களோடு பழகும்போது காவலர் சீருடையின்றிச் சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. காக்கியைக் கழற்றிவைக்கச் சட்டமே சொல்லும் இவ்விடம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஏனெனில் கால்பந்து மைதானத்தில் அரைக்கால் சட்டையோடு இறங்கும் காவலர் இதைச் சட்டம் சொல்வதற்கு முன்பே செய்தவர்.

அப்படி இறங்கியவர்கள் சென்னை மாகாணத்தில் முதலில் பெயர்பெற்றது தலைநகரில் அன்று, மலபாரில். 1921இல் நடந்த மாப்பிளைக் கிளர்ச்சியை ஒட்டி, தென் மலபாரின் காவல் கண்காணிப்பாளராக இருந்த ஹிட்ச்காக்கின் முயற்சியால் மலப்புரத்தில் மலபார் சிறப்புக் காவல்படை நிறுவப்பட்டது. 1956 நவம்பரில் கேரளம் தனி மாநிலமாகும் வரை இப்படை சென்னைக் காவல்துறையின் பகுதியாகவே இருந்தது. அதாவது மயிலாப்பூர்க் கடற்கரை மாளிகையே அதற்கும் தலைமையகம். கிளர்ச்சியை அடக்கப் பிறந்த படை, அதே மக்களின் ஊரில் கால்பந்து அணியை நடத்தி, மலப்புரத்தின் கால்பந்துப் பித்துக்கே ஒரு காரணமானது என்பது இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. அப்படையின் பெயரில் நடக்கும் எம்.எஸ்.பி. மேல்நிலைப் பள்ளியின் அணி, 1960இல் டெல்லியில் தொடங்கிய பள்ளிகளுக்கிடையிலான சுப்ரதோ கோப்பைப் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றிருக்கிறது. காவல்துறை மைதானத்துக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு இதைவிட நல்ல சான்று தென்னிந்தியாவில் இல்லை.

அண்டை அரசான ஹைதராபாத்தில் நகரக் காவல் அணி, சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பள்ளி ஆசிரியராக இருந்த ரஹீம் காவலர்களுக்குப் பந்தைத் தரையோடு சிறுசிறு கடத்தல்களாக நகர்த்தும் ஆட்டத்தைக் கற்பித்தார். அதே ஆட்டத்தோடு இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கத்தையும் பெற்றது. ஆசிரியரும் காவலரும் ஒரே மைதானத்தில் சேர்ந்தபோது கிடைத்த பலன் இது.

பிற்காலத்தில் கேரளக் காவல் அணி 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர்களுள் வி.பி. சத்யனும் ஐ.எம். விஜயனும் இருந்தனர். சத்யன் பின்னர் இந்தியன் வங்கிக்காக ஆடச் சென்னைக்கு வந்து, இந்நகரின் கால்பந்து வாழ்வில் ஒருவரானார். திருச்சூர் மாநகராட்சி மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாக இருந்த விஜயன் பதினெட்டு வயதை ஒட்டிக் காவல் அணிக்குள் வந்து, இந்திய அணியின் தலைவராக உயர்ந்து, 2025 ஏப்ரலில் மலபார் சிறப்புக் காவல்படையின் துணைத் தளபதியாக ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. வறுமையில் பிறந்த ஒருவனுக்குக் கால்பந்து வேலையைக் கொடுத்தது. வேலை அவனுக்குப் பந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. 

தமிழ்நாட்டில் இத்தொடர்பு அணியைவிட வேலைவாய்ப்பின் வழியாகவே வலுப்பெற்றது. 1991இல் அமைக்கப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுகளில் விளையாட்டு வீரர்களுக்குப் பத்து விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆண் காவலர் பணிக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது உடல்திறன் தேர்வின் முதல் படி; பள்ளியில் நாள்தோறும் பந்தைத் துரத்தியவனுக்கு அது பெரிய தடையாக இருப்பதில்லை. சென்னையின் பல குடியிருப்புகளில் பெற்றோர் பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்பச் சம்மதிப்பதற்கே இந்த ஒதுக்கீடு ஒரு காரணமாகிவிட்டது. கடலூரில் மாரியப்பனின் பயிற்சியில் வளர்ந்து இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரரான இந்துமதி கதிரேசன் தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். 2020 பொதுமுடக்கத்தின்போது அவர் சென்னைச் சாலையில் சீருடையோடு பணியாற்றினார். இவ்வழி பெண்களுக்கும் திறந்தது என்பது சிறிய செய்தி அன்று. ஆயினும் ஒதுக்கீட்டின் நோக்கம் ஆட்சேர்ப்பே. வேலை கிடைத்தவுடன் பாதுகாப்புப் பணி, இரவு ரோந்து, ஊர்வலம் என்று நாள் நிரம்பிவிட, பந்தோடு அந்தக் காவலருக்கிருந்த உறவு பெரும்பாலும் அங்கேயே அறுந்துபோகிறது.

காவல்துறையிலிருந்து மைதானத்துக்கு வரும் எதிர்த்திசைப் பயணத்துக்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. நியூயார்க்கில் 1914இல் காவல் ஆணையராக வந்த ஆர்தர் உட்ஸ், சில தெருக்களில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திப் பிள்ளைகள் விளையாட விட்டார். இங்கிலாந்தின் நாரிச் நகரில் 1918இல் காவல் தலைவர் ஜான் டெய்ன் சிறுவர் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வகையில் வந்தவையே சென்னைக் காவல்துறை குடிசைப் பகுதிகளில் நடத்திவரும் காவல் சிறுவர் சிறுமியர் மன்றங்கள். மாலைநேரத் தனிப்பயிற்சி வகுப்பு, கேரம் பலகை, சிறு நூலகம், வாய்ப்புள்ள இடத்தில் பந்து என்பதே இம்மன்றங்களின் அமைப்பு. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்கு அனுப்புவதும் இவற்றின் வேலை. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தின் மணலில் ஆடும் சிறுவனுக்கு இ-5 என்பது காவல் நிலையத்தின் எண்; மயிலாப்பூர்ச் சிறுவனுக்கு இ-1, மாம்பலத்தவனுக்கு ஆர்-1, அடையாற்றுச் சிறுவனுக்கு ஜே-2. அந்த எண்ணுக்குப் பின்னால் பெயர் தெரிந்த ஓர் அண்ணன் இருக்கிறார் என்ற நிலையை உண்டாக்க மன்றத்தால் முடியும். ஆனால் நிலைய ஆய்வாளர் ஒருவரின் ஆர்வத்தில் செழிக்கும் மன்றம் அவருக்கு இடமாற்றம் வந்ததும் வாடிப்போவது பெருங்குறை. தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பும் எந்த ஏற்பாட்டுக்கும் நேர்வது இதுவே.

காவலரையும் சிறுவரையும் இணைக்கும் இப்பணிக்குக் கால்பந்து ஏன் ஏற்றது என்றால், சட்டத்தைச் சட்டமாகவே, அதே சமயம் அச்சமின்றி, சந்திக்கும் இடம் அது. விதிகள் பதினேழு, அவற்றை நிறைவேற்ற ஒருவர், அவர் முடிவை ஏற்காமல் ஆட்டம் நகராது. 1970 உலகக் கோப்பையில் முதன்முதலாகப் பயன்பட்ட மஞ்சள், சிவப்பு அட்டைகளைச் சிந்தித்துக் கண்ட கென் ஆஸ்டன் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். லண்டனில் காரோட்டிச் செல்லும்போது கண்ட போக்குவரத்து விளக்கிலிருந்து அந்த யோசனை அவருக்குப் பிறந்தது. முதலில் எச்சரித்து, பிறகே வெளியேற்றும் இம்முறையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை விளக்கவுரை இன்றியே புரிந்துகொள்கிறது. தண்டனைக்கு முன் எச்சரிக்கை உண்டு, எச்சரிக்கை எல்லோருக்கும் ஒன்றே என்ற அனுபவம் தெருவில் அந்தப் பிள்ளைக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

2010இல் கேரளம் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டத்தைத் தொடர்ந்து பல மாநிலங்கள் பள்ளிக்குள் காவல்துறையைக் கொண்டுவந்தன. சென்னையில் 2022 செப்டம்பர் 14 அன்று ‘சிற்பி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர் ஐம்பது பேர் வீதம் 5,000 பேருக்கு, 4.25 கோடி ரூபாய் செலவில், சட்ட விழிப்புணர்வும் ஒழுக்கப் பயிற்சியும் அளிப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் சொற்பொழிவும் அணிவகுப்பும் முன்னிலை பெறும்போது பழைய டிரில் மாஸ்டரின் முறையே புதுப்பெயரில் திரும்பிவிடும் என்ற கவலை நியாயமானது. பக் விலகி வந்த பாதை அது. ஒரு பருவம் முழுவதும் ஒரே அணியோடு ஆடும் காவலர் கற்பிப்பதை ஒரு மணிநேர உரையால் கற்பிக்க இயலாது.

தென்சென்னையில் இதற்குத் தடையாக நிற்பது ஆளில்லாமை அன்று, இடமில்லாமை. 1920களில் நெடுங்குளத்தை வடித்து எழுப்பப்பட்ட தியாகராய நகரில் பூங்காக்களுக்குத் திட்டமிட்டே இடம் விடப்பட்டது. ஆயினும் இன்று அங்குள்ள மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றின் முற்றம் பிள்ளைகள் வரிசையில் நிற்பதற்கே போதாது. சோமசுந்தரம் மைதானம் போன்ற பொதுத்திடல்களில் கிரிக்கெட்டும் கால்பந்தும் நடைப்பயிற்சியும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நந்தனம் மைதானமும் ஆண்டுதோறும் பொங்கல் காலத்தில் புத்தகக் கண்காட்சிக்குப் போய்விடுகிறது. அதே வட்டாரத்தில் காவல்துறையின் கையில் நிலம் இருக்கிறது: அசோக் நகர்க் காவலர் பயிற்சிக் கல்லூரியின் அணிவகுப்புத் திடலும், சற்று வடக்கே எழும்பூர் இராஜரத்தினம் விளையாட்டரங்கமும் அவற்றுள் சில. விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்து, பல ஆண்டுகள் பணியாற்றி, அறுபது வயதில் ஓய்வுபெறும் காவலர்களும் இந்நகரிலேயே வாழ்கிறார்கள். பயிற்சி இல்லாத மாலைகளில் அத்திடல்களை மாநகராட்சிப் பள்ளி அணிகளுக்குத் திறந்துவிட்டு, ஓய்வுபெற்ற அக்காவலர்களுள் விருப்பமுள்ளவர்களை முறையான பயிற்சியாளர் உரிமமும் மதிப்பூதியமும் கொடுத்து அங்கே அமர்த்துவது மயிலாப்பூர்த் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவால் ஆகக்கூடிய காரியம்.