அட்டவணை

'அட்டவணை' என்னும் சொல், நினைவு எனப் பொருள்படும் 'ஆட்டவண்' என்ற மராத்திச் சொல்லின் வழியே தமிழுக்கு வந்து, முதலில் கணக்குக் குறிப்பேட்டையும் பின்னர்ப் பொருளடைவையும், கட்டமிட்ட தொகுப்பையும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை போன்ற பகுதிகளையும் குறிப்பதாக விரிந்தது. பட்டியல் மேலிருந்து கீழாக மட்டுமே ஓட, அட்டவணையோ வரிசையும் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் பொருள் தருகிறது. 1931இல் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தின் கால அட்டவணையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என நிலையங்கள் பயண வரிசையிலேயே இறங்குவதால், அவற்றை அகர வரிசைக்கு மாற்றினால் ஒரு பெயரும் குறையாமலே அதன் பயன் முழுதும் கெட்டுவிடும். இவ்வாறு அமைப்பும் பொருளின் பகுதியே என்பதை மறந்து, கைப்பேசித் திரைக்கு எழுதுவோர், காரண காரியமாகப் பிணைந்த செய்திகளையும் புள்ளியிட்ட பட்டியலாகத் துண்டாக்குவது வருந்தத்தக்கது. அப்போது 'ஆகவே', 'ஆயினும்' முதலிய இணைப்புச் சொற்களே முதலில் உதிர்கின்றன.